கொள்ளிடத்து மணலில் அகல டயர்

மணலில் சைக்கிள் ஓட்ட முதல் விதி, டயரில் காற்றைக் குறைப்பது. இரண்டாவது, பிரேக்கைத் தொடாமல் இருப்பது. மூன்றாவது, விழப்போவது உறுதியாகிவிட்டால் கையை ஊன்றாமல் விழுவது. முப்பத்துநான்கு ஆண்டுகள் வருவாய்த்துறையில் உழைத்து தாசில்தாராக ஓய்வு பெற்ற எனக்கு, இந்த மூன்றும் எந்தப் புத்தகத்திலும் அச்சாகிக் கிடைக்கவில்லை என்பது முதல் வாரத்தில் பெரிய குறையாக இருந்தது. விதிகளை எனக்குச் சொன்னவர் எதிர்வீட்டு பாய். அவர் சொல்லும் முன்பே மணல் சொல்லிவிட்டது. முதல் நாளே மூக்கில் ரத்தம்.

பாய் பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். பதினெட்டு வருடம் ஓமனில் தண்ணீர் லாரி ஓட்டிவிட்டு, மனைவியின் ஊரான திருவிடைமருதூரில் மளிகைக்கடை போட்டார். வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் டி.வி. கொண்டுவந்தார்கள், கம்பளி கொண்டுவந்தார்கள். இவர் ஒரு சைக்கிளைக் கழற்றி அட்டைப்பெட்டியில் கொண்டுவந்தார். டயர் நாலு அங்குல அகலம். பாலைவனத்தில் லாரி புதையும் இடத்தில்கூட இது மிதந்து போகும் என்றார். எனக்குச் சர்க்கரை. நடக்கச் சொன்னார் டாக்டர். வேலையற்றவன் போலத் தெருவில் நடக்க மனம் வரவில்லை. வெளிநாட்டில் இருக்கும் மகளிடம் சொன்னேன். பத்து நாளில் வாசலுக்குப் பெட்டி வந்தது. ஊரில் எல்லாம் பெட்டியில் வரத் தொடங்கியிருந்த காலம் அது, பிள்ளைகளைத் தவிர.

டீக்கடையில் ஒருவர் இதற்கு ஆர்.சி. புக் உண்டா என்று கேட்டார். மோட்டார் வாகனம் என்பதன் சட்ட வரையறையை அவருக்குச் சொன்னேன். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை.

விடிந்ததும் கிளம்பி கொள்ளிடக் கரைக்குப் போவோம். கரை மேட்டில் இறங்கி வால்வை அழுத்திக் காற்றை விடுவோம். கட்டைவிரலால் அமுக்கினால் பூரி போல உள்ளே போக வேண்டும் என்பது பாயின் அளவு. திரும்பும்போது தார்ச்சாலைக்கு மறுபடி காற்றடிக்க வேண்டும். அதற்காக ஒரு முழ நீள இரும்புப் பம்பு என் சைக்கிள் கம்பியில் கட்டியிருக்கும். பாய் எப்போதும் முன்னால் போவார். நான் அவர் தடத்திலேயே சக்கரத்தை வைத்து வருவேன். முன்னுதாரணம் இருக்கும் இடத்தில் புதிதாக முடிவெடுக்கக் கூடாது என்பது அலுவலகப் பழக்கம்.

கோடையில் கொள்ளிடத்தில் தண்ணீர் இருக்காது. மணல் இருக்கும். மணல் இல்லாத இடத்தில் குழி இருக்கும். அல்வாவைக் கத்தியால் வெட்டி எடுத்தது போல இரண்டு ஆள் ஆழக் குழிகள். ஆற்றில் தண்ணீர் விட்டதும் அவை நிரம்பி, மேலே பார்க்க ஒரே மட்டமாகத் தெரியும். குளிக்கப் போனவர்கள் இறங்கியதும் காணாமல் போவார்கள். அப்படிப் போனவர்களுக்கு நிவாரணம் கேட்டு நான் எழுதிய முன்மொழிவுகள் எத்தனையோ. ஒவ்வொன்றிலும் "எதிர்பாராத விதமாக" என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் கோப்பு திரும்பி வரும்.

கொள்ளிடத்தை ஒட்டிய ஒரு தாலுகாவில் நான் தாசில்தாராக இருந்தபோது மணல் மாட்டுவண்டிகளைப் பிடித்து அலுவலக வளாகத்தில் கட்டி வைப்போம். மாடுகளுக்கு வைக்கோல் வாங்க அரசின் எந்தச் செலவுத் தலைப்பிலும் வழியில்லை. அவை கத்திக்கொண்டே நின்று, பிறகு கத்தவும் முடியாமல் நின்றன. வண்டிக்காரர்கள் டிராக்டருக்கு மாறியதும் நாங்களும் மாறினோம். டிராக்டரைப் பிடித்தால் டயரில் கடப்பாரை இறங்கும். இதற்கு விதி கிடையாது, வழக்கம்தான். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் நின்று, வாகனம் இயங்கும் நிலையில் இல்லை என்று எழுதிக் கொடுப்பேன். ஒருமுறை கும்பிட்டுக் காலில் விழ வந்த ஒருவனைக் கன்னத்தில் அறைந்திருக்கிறேன். அவன் உதடு கிழிந்தது. நடவடிக்கைக் குறிப்பில் அது இல்லை. முப்பத்துநான்கு ஆண்டுகளில் நான் கொடுத்த அடி அது ஒன்றுதான் என்று சொல்லத்தான் ஆசை.

ஆற்றில் மணல் எடுப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் முதலில் பார்ப்பது தரையைத்தான். ஜீப் தடம் எது, எஸ்.ஐ. வண்டியின் தடம் எது, கிராம நிர்வாக அலுவலரின் மொபெட் தடம் எது என்று பார்த்ததும் சொல்வார்கள். முந்தின நாள் யார் வந்து போனார், எவ்வளவு நேரம் நின்றார், வண்டியை எங்கே சாய்த்தார் என்பதெல்லாம் அவர்களுக்குச் செய்தித்தாள் மாதிரி. அந்தச் செய்தித்தாளில் திடீரென்று நாலு அங்குல அகலத்தில், போக ஒன்றும் வர ஒன்றுமாக, இரண்டு வரி வந்தன. எந்த வண்டி என்று தெரியவில்லை. சத்தம் கேட்டவர் யாருமில்லை. புதையவே மாட்டேன் என்கிறது. போதாததற்கு நான் ஒவ்வொரு குழி விளிம்பிலும் சைக்கிளை நிறுத்தி, ஒரு நாணல் தட்டையை இறக்கி ஆழம் பார்ப்பேன். பார்த்து என்ன செய்யப் போகிறேன்? ஒன்றுமில்லை. கை பழகிவிட்டது.

ஒரு நாள் யாரோ என்னைக் கரையில் பார்த்து அடையாளம் கண்டிருக்கிறார்கள். சத்தம் போடாத ரோந்து வண்டி அரசாங்கத்துக்கு வந்திருக்கிறது, ஓய்வு பெற்ற பழைய தாசில்தாரைக் கூப்பிட்டுத் தனிப்படையில் போட்டிருக்கிறார்கள் என்று முடிவு செய்துவிட்டார்கள். கரையோரக் கடைகளில் இந்தப் பேச்சு நடப்பதை பாய்தான் வந்து சொன்னார். சொல்லிவிட்டு, அப்படி எதுவும் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்றார். சரி என்றேன். சொல்லவில்லை. பணியில் இருந்தபோது மூன்று ஜீப்பும் இருபது ஆட்களும் செய்ய முடியாததை நாலு ரப்பர் வளையங்கள் செய்திருந்தன. இரண்டு வாரமாக அந்த ஆற்றுத்துறையில் ஒரு டிராக்டர் இறங்கவில்லை. அந்த சுகத்தை நான் எதற்காக விட வேண்டும்?

மூன்றாவது வாரம் ஒருவன் கரையில் காத்திருந்தான். முப்பது வயது இருக்கும். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். டிராக்டர் ஓட்டுகிறவன், ஆற்றோரக் கிராமம். அவன் அப்பா காலம் வரை அந்தக் குடும்பம் அடுத்தவர் வயலில் கூலி வேலை. இவன் குவைத் போகப் போகிறான். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறான். விசாவுக்கு ஒரு ஏஜென்ட் சொல்லி வைத்திருக்கிறார். பாஸ்போர்ட் கைக்கு வரும்வரை இரண்டு மாதம் டிராக்டர் ஓடியாக வேண்டும். இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, கடைசியில் கேட்டான்.

"சார், நீங்க இப்ப எந்த டிப்பார்ட்மென்ட்டுல இருக்கீங்க? அத மட்டும் சொல்லுங்க."

எந்த டிப்பார்ட்மென்ட்டிலும் இல்லை, சர்க்கரைக்காகச் சைக்கிள் ஓட்டுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். உண்மை அதுதான். நான் சொன்னது வேறு.

"எழுத்துமூலமா கேளுங்க தம்பி. முப்பது நாள்ல பதில் வரும்."

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவன் சிரிக்கவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

அதிலிருந்து நான்காம் நாள். கரையிலிருந்து ஆற்றுக்குள் இறங்கும் சரிவின் இரு புறமும் சீமைக்கருவேல மரங்கள். காற்றை விட்டுவிட்டு ஏறினோம். சரிவில் வேகம் எடுத்தால்தான் கீழே உள்ள பொடிமணலைத் தாண்ட முடியும். அதனால் பாய் எழுந்து நின்று மிதிப்பார். அன்றும் நின்று மிதித்தார். எனக்கு முன்னால் பத்தடி தூரத்தில் சைக்கிள் தனியாகப் போனது. பாய் அதன் மேல் இல்லை. காற்றில் ஒரு கணம் படுத்திருந்தார். பிறகு முதுகு மணலில் விழுந்த சத்தம், நெல் மூட்டையை லாரியிலிருந்து தள்ளினால் வரும் சத்தம். நான் பிரேக்கைப் பிடித்தேன். இரண்டாவது விதி. கைப்பிடிக்கு மேலாகத் தூக்கி எறியப்பட்டு முகம் குப்புற விழுந்தேன்.

நிமிர்ந்தபோது கம்பி இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. வேலிக் கம்பி, இரண்டு மரங்களுக்கும் நடுவில் இழுத்துக் கட்டியது. பாயின் மார்பில் பட்டு வழுக்கி மேலேறியிருக்கிறது. இடது தாடை காதுவரை திறந்திருந்தது. உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது என்ன என்று நான் பார்க்கவில்லை. வலது காறை எலும்பு தோலைக் கூடாரம் போலத் தூக்கிக்கொண்டு நின்றது. ரத்தம் மணலில் தேங்காது. ஊற்ற ஊற்ற மணல் குடித்துக்கொண்டே இருந்தது. பாய் வாயைத் திறந்தார். வார்த்தை வராமல் குமிழிதான் வந்தது.

கருவேலங்காட்டிலிருந்து டிராக்டர்காரன் ஓடி வந்தான். ஓடிப்போகவில்லை, எங்களை நோக்கி ஓடி வந்தான். தலையில் அடித்துக்கொண்டே வந்தான். சக்கரம் மட்டும்தான் மாட்டும் என்று நினைத்தேன், முழங்கால் உயரத்தில்தான் கட்டினேன் என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

அவன் சொன்னது உண்மை என்று பிறகு தெரிந்தது. முந்தின நாள் அவன் முழங்கால் உயரத்தில்தான் கட்டியிருக்கிறான். ஒருமுறை விழுந்தால் ரோந்துப்படை இந்தப் பக்கம் வராது என்பது கணக்கு. கம்பி கட்டியாகிவிட்டது, இனிப் பயமில்லை என்று அவனுடைய கூட்டாளிகளுக்குத் தைரியம் வந்துவிட்டது. அன்று இரவே அவனிடம் சொல்லாமல் தங்கள் டிராக்டரை ஆற்றில் இறக்கி, எங்கே மணல் நன்றாக இருக்கிறதோ அங்கே, அதாவது அந்தச் சரிவின் அடியிலேயே, மூன்றடி ஆழத்துக்கு வாரிக்கொண்டு போயிருக்கிறார்கள். தரை கீழே போனது. கம்பி இருந்த இடத்தில் இருந்தது. முழங்கால் நெஞ்சாகிவிட்டது. தாங்கள் வைத்த கண்ணிக்கு அடியில் இருந்த மணலையே திருடுவதற்கு அந்த ஆற்றங்கரை ஆட்களால் மட்டும்தான் முடியும்.

ஆனால் அந்த நிமிடம் எனக்கு எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. சைக்கிளில் கட்டியிருந்த பம்பை உருவினேன். முதல் அடி தோளில். இரண்டாவது காதில். மூன்றாவதை அவன் கையால் தடுத்தான். விரலில் பட்டு நகம் பெயர்ந்தது. அதற்குப் பிறகு அவன் தடுக்கவில்லை. குனிந்து பாயைத் தூக்கிக்கொண்டிருந்தான். குனிந்த முதுகில் அடித்தேன். பாயைத் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் ஏறினான். ஏறும்போதும் பின்னாலேயே போய் அடித்தேன். மறைத்து வைத்திருந்த டிராக்டரின் டிரெய்லரில் துண்டை விரித்துப் பாயைக் கிடத்திவிட்டு, ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்தான். பம்பின் பிடி வளைந்திருந்தது. எனக்கு அறுபத்திரண்டு வயது. மூச்சு வாங்கியது. வெட்கப்படும் நேரம் வரவில்லை, சந்தோஷமாக இருந்தது.

அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் எழுத டாக்டர் கேட்டார், எப்படி நடந்தது என்று. அதற்குள் பாயின் தாடையில் தையல் போட்டிருந்தார்கள். பல்லைக் கடித்தபடி பேச முடிந்தது. சைக்கிளிலிருந்து தவறி விழுந்தேன், அங்கே பழைய கம்பி ஒன்று கிடந்தது என்றார். நான் குறுக்கிட்டேன். அவர் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் போன பிறகு, வார்த்தைகளை விட்டு விட்டுச் சொன்னார்.

"கம்பி கட்டுனது உங்களுக்கு. பட்டது எனக்கு. மன்னிக்கிற பாத்தியதை என்னோடது சார். நீங்க அதுல கை வைக்காதீங்க."

பதினெட்டு வருடம் ஓமனில் இருந்தவர். ஒரு விசாவுக்காக மனிதன் என்னவெல்லாம் செய்வான் என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம். எனக்குத் தெரிந்தது வேறு. பாதிக்கப்பட்டவர் பேசாவிட்டாலும் நேரில் பார்த்த சாட்சி புகார் கொடுக்கலாம். மறுநாள் காலை நாலு பக்கம் எழுதினேன். இடம், நேரம், கம்பியின் கனம், மரங்களுக்கு இடையே உள்ள தூரம். கொலைமுயற்சிப் பிரிவுக்கு வேண்டிய சொற்கள் எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன. பம்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. எஃப்.ஐ.ஆர். பதிவானால் பாஸ்போர்ட்டுக்கான போலீஸ் விசாரணையில் வழக்கு நிலுவை என்று போகும், பாஸ்போர்ட் வராது, விசா கைநழுவும். இது தெரியாமல் எழுதவில்லை. தெரிந்துதான் எழுதினேன்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. இளைஞர். எழுந்து நின்று நாற்காலி போட்டார். நாலு பக்கத்தையும் படித்துவிட்டு, சார் எழுதினால் நாங்கள் ஒரு கமா கூடச் சேர்க்க வேண்டியதில்லை என்றார். டீ வரவழைத்தார். அவனைக் கூட்டி வரச் சொன்னார். அரை மணியில் வந்தான். காதில் பஞ்சு, விரலில் கட்டு. இது என்ன என்று எஸ்.ஐ. கேட்டார். டிராக்டர் கொக்கியில் அடிபட்டது என்றான். என்னைப் பார்க்காமல் சொன்னான்.

எஸ்.ஐ. ஏட்டையாவைப் பார்த்துத் தலையசைத்தார். பின்பக்க வராந்தாவில் ஒரு பெஞ்சு. அவனைத் தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, கால் இரண்டையும் பெஞ்சின் மேல் தூக்கி வைத்துத் துண்டால் கட்டினார்கள். என் நாற்காலியிலிருந்து எல்லாம் தெரிந்தது. மரியாதைக்காகவே கதவைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். லத்தி உள்ளங்காலில் விழுந்த முதல் சத்தத்துக்கு டீ டம்ளரை மேஜையில் வைத்தேன். அவன் கத்தவில்லை. ஐந்தாவதில் கத்தினான். அதற்குப் பிறகு ஒவ்வொன்றுக்கும் கத்தினான்.

எஸ்.ஐ. குரலைத் தாழ்த்தி, "எஃப்.ஐ.ஆர். போட்டுடவா சார், இல்ல இதோட முடிச்சுக்கலாமா?" என்று கேட்டார்.

இந்த இடத்தில் நடைமுறையைச் சொல்லியாக வேண்டும். எஃப்.ஐ.ஆர். போட்டுக் கைது என்றால் அடி உடனே நிற்கும். ரிமாண்டுக்கு முன் டாக்டர் உடம்பைப் பார்க்க வேண்டும். மாஜிஸ்திரேட் அடித்தார்களா என்று கேட்பார். உள்ளங்காலில் தடிப்போடு ஆளைக் கொண்டுபோய் நிறுத்த எந்த எஸ்.ஐ.யும் விரும்பமாட்டார். ஆக, சட்டம் அவன் காலைக் காப்பாற்றும், குவைத்தைப் பறிக்கும். சட்டமில்லாத இந்த பெஞ்சு காலை உடைக்கும், குவைத்தை விட்டுவைக்கும். இதை என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் பெஞ்சடியில் கிடந்தான். ஏட்டையா லத்தியைக் கை மாற்றிக்கொண்ட இடைவெளியில் தலையைத் திருப்பி என்னிடம் பேசினான்.

"ஐயா அடிக்கட்டும் சார். போதும்னு நீங்க சொல்ல வேணாம். எழுதினத மட்டும் திரும்ப வாங்கிக்குங்க."

நான் உடனே தாள் கேட்கவில்லை. இதை மறைத்தும் எழுத முடியும். எனக்கு அந்த வித்தை தெரியும். டீ ஆறும் வரை உட்கார்ந்திருந்தேன். பாயின் தாடை திறந்துகிடந்தது கண்ணில் நின்றது என்பது பாதி காரணம். அடிபடுகிறவன் வேண்டாம் என்று சொல்லாத அடியை நிறுத்த எனக்கு என்ன அதிகாரம் என்று ஒரு வாதத்தை ஜோடித்துக்கொண்டிருந்தேன் என்பது மீதி. அவன் குரல் மாறி நாய்க்குட்டி போல் முனகத் தொடங்கியபோது ஒரு வெள்ளைத்தாள் கேட்டேன். என் புகாரைத் திரும்பப் பெறுகிறேன், சம்பவம் எதிர்பாராத விதமாக நடந்தது, மேல் நடவடிக்கை தேவையில்லை. மூன்று வரி. கையெழுத்து. ஏட்டையா லத்தியைச் சுவரில் சாய்த்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். காலை அவிழ்த்துவிட்டதும் அவனை எழுப்பி அந்த இடத்திலேயே நின்று குதிக்கச் சொன்னார்கள். அப்போதுதான் ரத்தம் கட்டாதாம். அதுவும் ஒரு நடைமுறை. குதித்தான்.

ஆறு நாள் கழித்து பாய் கூப்பிட்டனுப்பினார். கடையில் வலது கையைக் கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தனிப்பிரிவு கான்ஸ்டபிள் ஒருவர் பைக்கை நிறுத்திவிட்டுப் பெஞ்சில் இருந்தார். பாஸ்போர்ட் விசாரணை. விண்ணப்பதாரரை நன்கு அறிந்த இரண்டு பேர் நடத்தை பற்றிக் கையெழுத்துப் போட வேண்டும். விதிப்படி அக்கம்பக்கத்துக்காரர்கள், வழக்கப்படி, பார்த்தால் பெரிய மனிதராகத் தெரியும் எவரும். டிராக்டர்காரன் முழுக்கால் சட்டையும் புதுச் செருப்புமாக, அரிசி மூட்டைகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். கான்ஸ்டபிள் உட்காரச் சொல்லியும் நின்றான். உட்கார்ந்தால் எழும்போது கால் காட்டிக்கொடுத்துவிடும்.

பாய் முதல் ஆள். கையெழுத்துப் போட முடியாது. இடது பெருவிரலில் மை தடவி உருட்டினார். ரேகை அழகாக விழுந்தது. பிறகு நோட்டு என் பக்கம் வந்தது. கான்ஸ்டபிள் கேட்டார், இவரை எவ்வளவு நாளாகத் தெரியும் என்று. பத்து நாள் என்று சொல்ல வாயெடுத்தேன். பாய் என்னைப் பார்க்காமல் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சின்னப் பையன்லேந்து தெரியும்" என்றேன்.

நடத்தை எப்படி என்று கேட்டார். நல்ல நடத்தை, வழக்கு எதுவும் கிடையாது, குடும்பத்தையும் தெரியும் என்று சொல்லி, பெயருக்குக் கீழே 'தாசில்தார், ஓய்வு' என்று எழுதினேன். முப்பத்துநான்கு ஆண்டுகளில் நான் எழுதிய பொய்கள் எல்லாம் மேலிருந்து வாய்மொழி உத்தரவு வந்து எழுதியவை. இதற்கு உத்தரவு எதுவும் இல்லை. கான்ஸ்டபிள் படித்துப் பார்த்துத் திருப்தியோடு நோட்டை மூடினார்.

அவரை வழியனுப்ப அவனும் வாசல்வரை நடந்தான். நேராக நடந்தான், ஒவ்வொரு அடியையும் முழுதாக ஊன்றி. பைக்கை உதைத்துக் கிளப்பும்வரை கைகட்டி நின்றான். பைக் தெருமுனையில் திரும்பியதும் கடைக்குள் வந்து, கண்ணில் பட்ட முதல் மூட்டையைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்தான். செருப்பைக் கழற்ற முயன்றான். வார் வீக்கத்துக்குள் புதைந்திருந்தது. பாய்க்கு ஒரு கைதான் இருந்தது. நான் குனிந்து அவிழ்த்தேன். அவன் உள்ளங்கால் என் கைக்குள் சுட்டது. பல்லைக் கடித்துக்கொண்டான். அடுத்த காலை அவனே என் பக்கம் நீட்டினான்.